கொசு ஸ்கேனர் தப்பாகச் சொல்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கொசுமேல் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியில் வாங்கி, அது எந்த இனம், எத்தனை நாள் வயது என்று கண்டுபிடிக்க முயல்பவர்களுக்கான குறிப்பு இது. மலேரியா ஒழிப்புத் திட்டங்களில் இந்த முறை அதிகம் சோதிக்கப்பட்டது ஆப்பிரிக்காவில். அதனால் உதாரணங்களையும் அங்கிருந்தே எடுக்கிறேன், பெரும்பாலும் தான்சானியாவின் இஃபகாரா வட்டாரத்திலிருந்து.

அங்கே என்ன சிக்கல் என்பதை முதலில் சொல்லிவிடலாம். அனாஃபிலஸ் காம்பியே, அனாஃபிலஸ் அராபியென்சிஸ் என்ற இரண்டு கொசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. ஆனால் குணம் வேறு. முதலாவது பெரும்பாலும் வீட்டுக்குள் வந்து மனிதரைக் கடிக்கும். இரண்டாவது வெளியிலும் கடிக்கும், மாடு கிடைத்தால் மாட்டையும் கடிக்கும். கொசுவலையும் சுவரில் அடிக்கும் மருந்தும் முதலாவதை ஒடுக்கும் அளவுக்கு இரண்டாவதை ஒடுக்காது. எனவே எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு பிசிஆர் என்ற மரபணுச் சோதனை உண்டு, ஆனால் காசும் ரசாயனமும் நாளும் பிடிக்கும். வயது இன்னும் முக்கியம். ஃபால்சிபாரம் வகை மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்ந்து தொற்றும் நிலைக்கு வர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை உயிரோடு இருக்கும் கொசுதான் ஆபத்து. இரண்டையும் ஒரே ஸ்கேனில், கொசுவைச் சிதைக்காமல் சொல்லிவிடலாம் என்று 2009-ல் வந்த ஆய்வு காட்டியது. வயதைப் பொறுத்தவரை, 7 நாளுக்குக் கீழ், 7 நாளும் அதற்கு மேலும் என இரண்டாகப் பிரிப்பதில் சுமார் 80 சதவீதம் சரியாக வந்தது.

இந்தக் கருவியோடு வேலை செய்பவர்கள் பிழை வந்தால் உடனே மாடலை, அதாவது அளந்த ஒளியிலிருந்து இனமும் வயதும் சொல்லும் கணினிக் கணக்கை, திருத்தப் போகிறார்கள். அங்கே போகாதீர்கள். பெரும்பாலான பிழைகள் கொசு ப்ரோப்புக்கு (ஒளியைப் பாய்ச்சி வாங்கும் முனைக்கு) அடியில் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி, சோதனைக்கு எந்தக் கொசுக்களை ஒதுக்கினீர்கள் என்பதில் இருக்கும். மாடலின் கணக்கு முறையே தப்பு என்பது அபூர்வம்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்பியது என்று காட்டும் பதப்படுத்தாத வளைகோடுகளை, அதாவது வகைக்கெழுவோ சமன்செய்தலோ எதுவும் செய்யாத கோடுகளை, ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். ஸ்கேன் செய்த தேதிவாரியாக நிறம் கொடுங்கள். இனவாரியாக வேண்டாம், அது அப்புறம். கண்ணால் பார்த்தே பாதிப் பிழை தெரிந்துவிடும்.

கோட்டின் இரண்டு முனைகளும் முள்முள்ளாக இருக்கின்றன

350 முதல் 2500 நானோமீட்டர் வரை அளக்கும் கருவிகளில் இரு முனைகளிலும் இரைச்சல் இருப்பது சகஜம். ஹாலஜன் விளக்கு நீலப் பக்கத்தில் ஒளி குறைவாகத்தான் தரும். அந்தப் பக்கம் 2350-ஐத் தாண்டினால் உணரியின் திறன் விழுந்துவிடும். இதைச் சரிசெய்ய முனையவே வேண்டாம். 500-க்குக் கீழும் 2350-க்கு மேலும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் மாடலுக்குக் கொடுங்கள்.

நடுப்பகுதியும் முள்ளாக இருந்தால்தான் கவலை. விளக்குப் போட்ட உடனே ஸ்கேன் செய்தீர்களா என்று பாருங்கள். விளக்கும் உணரியும் நிலைக்கு வர ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு கொசுவுக்கு எத்தனை ஸ்கேன் சராசரி எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். 20-க்குக் குறைத்திருந்தால் கூட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒளியிழை எங்கோ முறிந்திருக்கலாம். ஒரு முனையை ஜன்னல் பக்கம் காட்டி மறுமுனையைப் பாருங்கள். உடைந்த இழைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பார்ப்பதற்கு முன் விளக்கை அணைத்திருக்க வேண்டும், கண் பத்திரம்.

1000 நானோமீட்டரிலும் 1800-லும் கோடு படியேறுகிறது

இந்த வகைக் கருவிகள் பலவற்றில் உள்ளே 3 உணரிகள் இருக்கும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள்தான் 1000-மும் 1800-ம். கருவி சூடேறாமல் இருந்தால் அந்த ஒட்டு வெளியே தெரியும். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தால் படி மறைந்துவிட வேண்டும்.

மறையவில்லை என்றால் காரணம் வேறு, கொஞ்சம் நுணுக்கமானது. ஒளியிழைக் கட்டில் இருக்கும் மெல்லிய இழைகள் உள்ளே போய் மூன்று பங்காகப் பிரிந்து ஒவ்வோர் உணரிக்கும் ஒரு பங்கு என்று போகின்றன. ஒரு கோப்பை மாவை ஸ்கேன் செய்தால் எல்லா இழைகளும் ஒரே பொருளைத்தான் பார்க்கும். கொசு அப்படியல்ல. ஒரு பங்கு இழைகள் நெஞ்சைப் பார்க்க, இன்னொரு பங்கு இறகின் ஓரத்தையும் பின்னால் இருக்கும் வெள்ளைத் தகட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது மூன்று துண்டுகளும் மூன்று வெவ்வேறு உயரத்தில் நிற்கும். ப்ரோப்பை ஒரு மயிரிழை உயர்த்திப் பாருங்கள், கொசுவை ப்ரோப்பின் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். மென்பொருளில் படியை ஒட்டும் வசதி இருக்கிறது என்று அதை அழுத்திவிட்டுப் போனால் படி மறையும். இறகைப் பார்த்த அளவு அப்படியே டேட்டாவில் தங்கிவிடும்.

காலையில் எடுத்த கோடுகள் கீழே, மாலையில் எடுத்தவை மேலே

வெள்ளைத் தகட்டிலிருந்து தொடங்குங்கள். கொசு எதுவும் வைக்காமல் ஸ்பெக்ட்ரலான் தகட்டை (ஒளியை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பும் அந்த வெள்ளைத் தகட்டை) மட்டும் ஸ்கேன் செய்தால் எதிரொளிப்பு 1-ல் நேர்கோடாக வர வேண்டும். வரவில்லை என்றால் தகடு அழுக்கு, அல்லது அந்தத் தகட்டை 1 என்று வைக்கும் வெள்ளை அளவுகோல் எடுத்து வெகுநேரம் ஆகிவிட்டது. கொசுவின் செதில்களும் கால்களும் ஒரு நாள் முழுக்க அந்தத் தகட்டில்தான் உதிர்கின்றன. தூசி என்றால் சுத்தமான காற்றை ஊதினால் போதும். விரல் எண்ணெய், இரத்தக் கறை என்றால் ஓடும் தண்ணீரில் பிடித்து, 220 முதல் 240 எண் வரையுள்ள நீர்த்தாங்கும் உப்புத்தாளால் வட்டவட்டமாக மெல்லத் தேய்த்துக் கழுவி, முழுக்க உலரவிட்டு எடுக்க வேண்டும். துணியால் துடைத்தால் அழுக்கு தகட்டின் துளைகளுக்குள் இன்னும் ஆழமாகத்தான் போகும்.

அடுத்தது அறை வெளிச்சம். 436-லும் 546-லும் கூரான சிறு முகடுகள் தெரிந்தால் அது கொசு அல்ல, தலைக்கு மேலே இருக்கும் பாதரச ஆவிக் குழல்விளக்கு. ஜன்னல் வழியே வரும் வெயில் இன்னும் மோசம், மேகம் மூடினால் ஒன்று, விலகினால் ஒன்று என்று மாறும். ஸ்கேன் மேசைக்கு ஒரு கறுப்புத் திரை போடுங்கள்.

வெள்ளை அளவுகோலை 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது நல்லது. இதைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்று உண்டு. நன்றாக உலர்ந்த ஒரே ஒரு கொசுவை ஒதுக்கி, ஊசியில் குத்தி, அசையாமல் வைத்து, காலை, மதியம், மாலை அதையே ஸ்கேன் செய்யுங்கள். அதன் கோடு அசைந்தால் கருவி அசைகிறது. அசையவில்லை என்றால் கருவியை விட்டுவிட்டு அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

1450, 1940 பக்கத்து மேடுகள் கொசுவுக்குக் கொசு மாறுகின்றன

இந்த இரண்டு இடங்களிலும் தெரிவது தண்ணீர். ஈரமான கொசுவில் அந்த மேடுகள் பெரிதாகி, நாம் தேடுகிற சிறு வேறுபாடுகளை, அதாவது கைட்டின் (கொசுவின் வெளி ஓட்டுப் பொருள்), புரதம், மேல்தோல் மெழுகு ஆகியவற்றின் தடங்களை, விழுங்கிவிடும். மாடல் இனத்தைக் கற்றுக்கொள்வதற்குப் பதிலாக யார் எவ்வளவு நேரம் காய்ந்தார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளும்.

களத்துக் கொசுவில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒளிப்பொறி இரவு முழுக்கத் தொங்குகிறது. 8 மணிக்கு உள்ளே விழுந்த கொசு 10 மணிக்குச் செத்து, விசிறிக் காற்றில் 8 மணி நேரம் காய்ந்திருக்கும். விடிகாலையில் விழுந்தது உயிரோடு இருக்கும். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டு, ஒரே தேதி எழுதி, ஒன்றாக ஸ்கேன் செய்கிறோம். பொறியில் செத்தவை, உயிரோடு எடுத்துக் கொன்றவை என்று இரண்டு குப்பி வையுங்கள். இந்த ஒரு பிரிப்பு, மாடலில் செய்யும் பல சித்து வேலைகளைவிட அதிகம் உதவும்.

கொல்லும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். குளோரோஃபார்ம் என்றால் எல்லாம் குளோரோஃபார்ம், உறையவைத்தல் என்றால் எல்லாம் உறையவைத்தல். உறைபெட்டியிலிருந்து எடுக்கும் குப்பியை உடனே திறக்கக் கூடாது. மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் அறைக்காற்றின் ஈரம் கொசுவின்மேல் பனியாகப் படியும். புழுக்கமான கடலோர ஊர்களில் அது கண்ணுக்கே தெரியும்; இறகு நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

சேமிக்கும் முறை பற்றி ஆய்வுகள் உண்டு. ஆர்.என்.ஏ.லேட்டர் என்ற பாதுகாப்புத் திரவத்தில் வைத்த கொசுக்களையும் ஸ்கேன் செய்து இனமும் வயதும் சொல்ல முடியும் என்று 2011-லேயே காட்டினார்கள். ஆக, எதில் சேமிக்கிறோம் என்பதைவிட மாடலுக்குக் கற்றுக்கொடுத்த கொசுக்களும் இப்போது கேட்கிற கொசுக்களும் ஒரே முறையில் சேமிக்கப்பட்டவையா என்பதே கேள்வி. சிலிக்கா ஜெல்லில் காய்ந்த கொசுக்களால் ஆன மாடலிடம் எத்தனாலில் ஊறியதைக் கொடுத்தால் கிடைக்கும் பதிலுக்கு மதிப்பில்லை. சிலிக்கா ஜெல் வைத்திருந்தால் மட்டும் போதாது, அதன் நிறத்தையும் பாருங்கள். நீலம் இளஞ்சிவப்பானால், அல்லது ஆரஞ்சு பச்சையானால், அது ஈரம் குடித்துத் தீர்ந்துவிட்டது. அடுப்பில் 120 டிகிரி அளவில் காயவைத்தால் மறுபடி உதவும்.

ஒரே கொசுவை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் இரண்டு பதில்

ப்ரோப் எதைப் பார்க்கிறது என்பதில்தான் விஷயம். தலையும் நெஞ்சும் வரும்படி, ஒரே பக்கமாகப் படுக்கவைத்து, சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்தில் ப்ரோப்பை நிறுத்துவது வழக்கம். வயிறு வேண்டாம். இரத்தம் குடித்த வயிறு, அரைகுறையாகச் செரித்த வயிறு, முட்டை நிறைந்த வயிறு என்று மூன்றும் மூன்று பொருள். அவற்றின் வேறுபாடு இன வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரிது. கொசு சிறியது என்பதால் ப்ரோப் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வயிற்றின் ஓரம் உள்ளே வந்துவிடும்.

ஒருவர் அடுக்குகிறார், இன்னொருவர் ஸ்கேன் செய்கிறார் என்றால் கை மாறும்போது கோடும் மாறும். யார் அடுக்கியது என்று ஒரு பத்தி போட்டு எழுதிவையுங்கள். இது சலிப்பான வேலைதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுக்கியவை கொஞ்சம் கோணலாகவே இருக்கும், எந்த ஆய்வகமும் இதற்கு விலக்கல்ல.

மாடல் 95 சதவீதம் சரி என்றது, களத்தில் நாணயம் சுண்டியதுபோல் வருகிறது

இந்தத் துறையில் எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வின் எண்களைப் பாருங்கள். புர்கினா ஃபாசோவில் களத்திலிருந்து புழுவாக எடுத்து வளர்த்த காம்பியே குழுக் கொசுக்கள் (காம்பியே, அராபியென்சிஸ் போன்ற உருவம் ஒத்த இனங்கள்), கூடவே இரண்டு ஆய்வகக் கொசு வம்சங்கள். இளையது, முதியது என்று இரண்டாகப் பிரிக்கையில் மாடலுக்குள்ளேயே சோதித்தபோது 73.5 முதல் 97.0 சதவீதம் வரை சரியாக வந்தது. அதிகபட்சம் கிடைத்தது ஆய்வகக் கொசுக்களில். மாடல் பார்த்தே இராத களத் தொகுதியைக் கொடுத்தபோது கிடைத்த உச்சமே 69.6 சதவீதம். அந்த இடைவெளிதான் உங்களுக்கும் தெரிவது. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கும், ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, ஒரே கொசுவின் பல ஸ்கேன்கள் இரண்டு பக்கமும் சிதறியிருக்கின்றனவா என்பது. ஒரு கொசுவை 3 முறை ஸ்கேன் செய்து, எல்லா வரிகளையும் கலைத்துப் போட்டு, 70 சதவீதம் பயிற்சிக்கு, 30 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால், சோதனையில் வரும் கொசு ஏற்கனவே பயிற்சியில் இருந்த அதே கொசு. மாடல் அதை அடையாளம் கண்டு பதில் சொல்கிறது, அவ்வளவுதான். வரிவாரியாகப் பிரிக்காமல் கொசுவாரியாகப் பிரியுங்கள்.

கொசுவாரியாகப் பிரித்தாலும் தப்பிக்க முடியாத ஒரு பொறி இருக்கிறது. 3 நாள் வயதுக் கொசுக்கள் எல்லாம் ஒரு கூண்டில் வளர்ந்து திங்கட்கிழமை ஸ்கேன் செய்யப்பட்டன, 10 நாள் வயதுக் கொசுக்கள் வேறு கூண்டில் வளர்ந்து வேறு நாள் ஸ்கேன் செய்யப்பட்டன என்று வையுங்கள். மாடல் கற்றது வயதையா, கிழமையையா? அதற்கே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு, ஏனோ பலர் செய்வதில்லை. வயதுக்குப் பதிலாக ஸ்கேன் தேதியை விடையாகக் கொடுத்து அதே மாடலை ஓட்டுங்கள். ஒரே வயதுக் கொசுக்களுக்குள்ளேயே தேதியை அது அழகாகச் சொல்லிவிட்டால், உங்கள் வயது மாடலின் துல்லியத்தை நம்பாதீர்கள். கூண்டு எண்ணுக்கும் இதே சோதனை. மருந்து ஒன்றுதான். எல்லா வயதும் எல்லா நாளும் எல்லாக் கூண்டும் கலந்திருக்கும்படி திட்டமிட்டு மறுபடி ஸ்கேன் செய்வது. சோதனைக்கு ஒரு முழுப் பேட்சையே, முடிந்தால் வேறு மாதத்தில் வேறு கிராமத்தில் எடுத்ததை, தொடாமல் ஒதுக்கிவையுங்கள். மேலே சொன்ன 2017 ஆய்விலும் வெவ்வேறு இடங்களிலும் காலங்களிலும் எடுத்த கொசுக்கள் கலந்த மாடல்கள்தான் வெளித் தொகுதிகளில் மற்றவற்றைவிட நன்றாக நடந்துகொண்டன.

அப்புறம் காரணிகளின் எண்ணிக்கை. பகுதிச் சிறும வர்க்க முறையில் (இந்த மாடல்களுக்கு வழக்கமான கணக்கு முறை, நூற்றுக்கணக்கான அலைநீளங்களைச் சில காரணிகளாகச் சுருக்கும்) காரணியைக் கூட்டக் கூட்டப் பயிற்சிப் பிழை குறைந்துகொண்டே போகும், அது இயல்பு. குறுக்குச் சரிபார்ப்பில், அதாவது சில கொசுக்களை மாற்றி மாற்றி ஒதுக்கிச் சோதிப்பதில், பிழை எங்கே தட்டையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். இன்னோர் அடையாளமும் உண்டு. மாடலின் கெழுக்களை, அதாவது ஒவ்வோர் அலைநீளத்துக்கும் அது தரும் எடையை, அலைநீளத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். உண்மையான வேதிப்பொருளின் தடம் பல பத்து நானோமீட்டர் அகலத்தில் மேடும் பள்ளமுமாக இருக்கும். 1 நானோமீட்டருக்கு ஒருமுறை மேலும் கீழும் குதித்தால் மாடல் இரைச்சலை மனப்பாடம் செய்திருக்கிறது. இதிலும் சந்தேகம் தீராதவர்கள் விடைகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். கலைத்த பிறகும் 80 சதவீதம் வந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, விடையே தப்பாக இருக்கலாம். இனத்துக்கான விடை பிசிஆரிலிருந்து வருகிறது. அங்கே விடை தரும் பட்டை தெரியாமல் போன மாதிரிகளை உத்தேசமாக நிரப்பினார்களா, 96 குழித் தட்டில் ஒரு வரிசை தள்ளி எழுதப்பட்டதா என்று பாருங்கள். மாடல் தொடர்ச்சியாக 8 கொசுக்களை மாற்றிச் சொல்லி, அந்த 8-ம் தட்டில் ஒரே நெடுவரிசை என்றால், இந்தத் தடவை மாடல் பக்கம்தான் நியாயம்.

எல்லாக் கொசுவையும் அராபியென்சிஸ் என்கிறது

இஃபகாரா இருக்கும் கிலொம்பெரோ பள்ளத்தாக்கில் கொசுவலைகள் பரவியபின் காம்பியே மிகவும் அருகிவிட்டது. அந்தக் குழுவில் பிடிபடுவது பெரும்பாலும் அராபியென்சிஸ்தான். 100 கொசுவில் 95 அராபியென்சிஸ் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ‘அராபியென்சிஸ்’ என்று மட்டும் சொல்லும் மாடலுக்கும் 95 மதிப்பெண் கிடைக்கும். மொத்தத் துல்லியத்தைப் பார்க்காமல் ஒவ்வோர் இனத்திலும் எத்தனை சரி என்று தனித்தனியாக எழுதுங்கள். பயிற்சிக்கு இரண்டையும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் கொடுங்கள். காம்பியே களத்தில் கிடைக்கவில்லை என்று ஆய்வகக் கூண்டிலிருந்து எடுத்துச் சேர்த்தால் மாடல் ‘கூண்டா, களமா’ என்பதைக் கற்றுக்கொள்ளும். இப்போது முந்தைய அறிகுறிக்குத் திரும்பிவிட்டீர்கள்.

இளங்கொசுவுக்கு வயது கூடுகிறது, கிழக்கொசுவுக்குக் குறைகிறது

இது கோளாறே அல்ல. சமிக்ஞை பலவீனமாக இருந்தால் எண்ணை ஊகிக்கும் எந்தப் பின்னடைவு மாடலும் சராசரியை நோக்கித்தான் நகரும். 2 நாள் கொசு 5 என்றும் 15 நாள் கொசு 10 என்றும் வரும். தனிக் கொசுவின் வயதை நாள் கணக்கில் அறிக்கையில் எழுதாதீர்கள், இரண்டு வகுப்பாகச் சொல்லுங்கள்.

ஆனால் வயது -40 என்றோ 300 என்றோ வந்தால் அது கோளாறு, அதுவும் கோப்புக் கோளாறு. மாடல் உறிஞ்சலில் கட்டப்பட்டிருக்கும், நீங்கள் எதிரொளிப்பைக் கொடுத்திருப்பீர்கள். எதிரொளிப்பின் தலைகீழிக்கு மடக்கை எடுத்தால்தான் உறிஞ்சல். அல்லது பத்திகள் 2350-லிருந்து 500-க்குத் தலைகீழாக இருக்கும். அல்லது அங்கே சராசரிக் கழித்தல் செய்தார்கள், இங்கே செய்யவில்லை.

மருந்தடித்த கிராமத்தில் கால்வாசிக் கொசு முதியது என்று வருகிறது, நம்ப முடியவில்லை

நம்பாதது சரி. கணக்கைப் பாருங்கள். 100 கொசுவில் உண்மையில் முதியவை 10. மாடல் இரண்டு வகுப்பிலும் 80 சதவீதம் சரி. முதிய 10-ல் 8-ஐக் கண்டுபிடிக்கும். இளைய 90-ல் 18-ஐத் தவறாக முதியது என்னும். மொத்தம் 26. அதாவது ‘முதியது’ என்று குறித்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இளையது. முதிய கொசு அரிதாக இருக்கும் இடத்தில், அதாவது திட்டம் நன்றாக வேலை செய்யும் இடத்தில், இந்தப் பிழை பெரிதாகும் என்பதுதான் வேடிக்கை. மருந்து பலிக்கவில்லை என்று அதிகாரி முடிவுகட்டிவிடுவார்.

திருத்துவது எளிது. கிடைத்த பங்கு 0.26. அதோடு இளையதைச் சரியாகச் சொல்லும் விகிதம் 0.80-ஐக் கூட்டி 1-ஐக் கழித்தால் 0.06. இரண்டு விகிதங்களையும் கூட்டி 1-ஐக் கழித்தால் 0.60. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.10, உண்மையான பங்கு. அந்த 80 என்பது ஆய்வகத்து 80 ஆக இருக்கக் கூடாது, களத்துச் சோதனைத் தொகுதியில் கிடைத்ததாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் சரியான பயன் தனிக் கொசுவின் ஜாதகத்தைச் சொல்வதில் இல்லை. மருந்தடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே கிராமத்தின் வயதுப் பரவல் எப்படி நகர்ந்தது என்று ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே பிழை என்பதால் அந்த ஒப்பீடு ஓரளவு தாங்கும்.

போன வருடம் வரை சரியாக இருந்தது, இப்போது விசித்திரமாக இருக்கிறது

மழை மாறினால் புழு வளரும் தண்ணீரும் தீனியும் வெப்பமும் மாறும், வளர்ந்த கொசுவின் அளவும் மாறும். ஒவ்வொரு பருவத்திலும் விடை தெரிந்த கொசுக்கள் சிலவற்றைச் சேர்த்து மாடலைப் புதுப்பித்தே ஆக வேண்டும்.

அதைவிட மோசமான சாத்தியம், மாடலுக்குத் தெரியாத இனம் ஒன்று வந்திருப்பது. இரண்டு விடை மட்டுமே தெரிந்த மாடல், எதைக் கொடுத்தாலும் அந்த இரண்டில் ஒன்றைச் சொல்லும். வீட்டு ஈயை வைத்தாலும் ‘காம்பியே’ என்று சொல்லக்கூடும். இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி, சென்னையில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளருமே அதே கொசு, 2012-ல் ஜிபூட்டியிலும் 2016-ல் எத்தியோப்பியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கையில் மன்னாரில் இருப்பது 2017-ல் அறிவிக்கப்பட்டது. நுண்ணோக்கியில் ஸ்டீஃபன்சியைப் பிரித்தறிய முடியும். ஆகவே ஸ்கேனுக்கு முன் உருவ அடையாளம் பார்க்கும் படியை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். ஒளி வேலை செய்ய வேண்டியது கண்ணால் பிரிக்க முடியாதவற்றில்தான்.

மாடலுக்குள்ளும் ஒரு காவல் வைக்கலாம். ஒவ்வொரு புதுக் கோடும் பயிற்சிக் கொசுக்களின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம், மாடலால் விளக்க முடியாமல் எவ்வளவு மிச்சம் என்று இரண்டு எண்களைக் கணக்கிட்டு, எல்லை தாண்டினால் ‘தெரியாது’ என்று சொல்லவையுங்கள். ‘தெரியாது’ பெட்டியில் விழுந்தவை நேரே பிசிஆருக்கு.

நம் பக்கத்தில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராமப்புற மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் கியூலிசிஃபேசீஸும் ஒரே கொசு அல்ல, ஏ முதல் ஈ வரை ஐந்து உடன்பிறப்பு இனங்களின் தொகுதி. பி இனம் இந்தியாவில் மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாது. ஈ இனம் பரப்பும். அதை 1999-ல் அடையாளம் காட்டியது ராமேசுவரம் தீவிலிருந்து. இந்த இரண்டையும் ஒளியால் பிரிக்க முடிந்தால் நல்ல பயன் உண்டு. ஆனால் தான்சானியா மாடலை இறக்குமதி செய்து ஓட்டுவதில் அர்த்தமில்லை. விடை தெரிந்த நம்மூர்க் கொசுக்களோடு அடியிலிருந்து கட்ட வேண்டும்.

நடு அகச்சிவப்புக் கருவியில் 2350 பக்கத்தில் இரட்டை முகடு

சிலர் இன்னும் நீண்ட அலைநீளங்களில் அளக்கும் நடு அகச்சிவப்புக் கருவியையும் பயன்படுத்துகிறார்கள். இங்கே 2350 என்பது நானோமீட்டர் அல்ல, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கு. அது உங்கள் மூச்சு. கரியமில வாயு. பின்னணி அளவைப் புதுப்பியுங்கள், கருவிமேல் குனிந்து பேசாதீர்கள், அந்தப் பட்டையை மாடலிலிருந்து நீக்குங்கள்.

எதுவும் பிடிபடவில்லை, வேறொருவரிடம் கேட்க வேண்டும்

‘மாடல் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. பதப்படுத்தாத கோடுகளை அனுப்புங்கள். கூடவே அந்த வாரம் எடுத்த வெள்ளைத் தகட்டு ஸ்கேன்கள், ஊசியில் குத்திய அந்த ஒற்றைக் கொசுவின் காலை மாலை ஸ்கேன்கள், ஒவ்வொரு கொசுவுக்கும் பிடித்த தேதி, கொன்ற முறை, சேமித்த முறை, எத்தனை நாள் சேமிப்பு, ஸ்கேன் தேதி, அடுக்கியவர் யார், கூண்டு அல்லது கிராமம், பிசிஆர் தட்டில் எந்தக் குழி என்ற அட்டவணையையும் சேருங்கள். கொசுக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் கொசுவைச் சிதைப்பதில்லை. எண் ஒட்டிய குப்பியில் சிலிக்கா ஜெல்லோடு இருந்தால் சந்தேகமானவற்றை மட்டும் மறுபடி எடுத்து ஸ்கேன் செய்யலாம், பிசிஆரும் செய்யலாம்.